கிட்டாருக்குக் கால் முளைத்த கதை தெரியுமா?

நடந்துகொண்டே வாசிக்கும் இசை காவிரிக் கரைக்குப் புதிதா என்ன? சுவாமி புறப்பாடு என்றால் மல்லாரி முழங்க, நாகஸ்வரமும் தவிலும் நாலு வீதியும் நடந்தே வரும். தேருக்கு முன்னால் ஒரு கோஷ்டி, மூலை திரும்பியதும் நின்று ஒரு ஆலாபனை, மறுபடி நடை. மைக் கிடையாது, ஒயர் கிடையாது, கரண்ட் போனாலும் கவலை கிடையாது. அதே திருவிழாவின் பத்தாம் நாள் இரவு, அதே வீதி முனையில் மேடை போட்டு ஆர்க்கெஸ்ட்ரா நடக்கும்போது பாருங்கள்: எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர் மட்டும் ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்திலேயே நிற்பார். காரணம், அவர் காலடியில் கிடக்கும் ஆறு மீட்டர் கறுப்பு ஒயர்!

அந்த ஒயரைக் கழற்றி எறியலாமா, வைத்துக்கொள்ளலாமா என்ற ஒரே கேள்விக்குள் எத்தனை அதிசயங்கள் ஒளிந்திருக்கின்றன தெரியுமா?

ஒயரின் முனையிலிருந்தே தொடங்குவோம். கிட்டாரில் குத்துகிற அந்தக் கால் அங்குல பிளக் இசைக்காகச் செய்யப்பட்டதே அல்ல. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள் ஒரு லைனைப் பிடுங்கி இன்னொரு துளையில் செருகி இணைப்புக் கொடுத்தார்களே, அதற்காக 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிறந்தது! எலெக்ட்ரிக் கிட்டாருக்கு அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப் காப்புரிமை பெற்றது 1937-ல். கிட்டார் பிறந்தபோதே பிளக்குக்கு அரை நூற்றாண்டு வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அந்தச் செருகும் வேலையெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. தஞ்சாவூர் மேடையில் இன்னமும் அதே பிளக்தான்!

ஒயர் என்பது ஒலியை ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கடத்துகிற வெறும் குழாய் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லவே இல்லை. ஒயரின் நீளம் காதுக்குக் கேட்கும்! நடுவில் ஒரு செம்புக் கம்பி, அதைச் சுற்றி இன்சுலேஷன், அதன்மேல் வலைபோல் பின்னிய செம்பு உறை. இரண்டு உலோகங்களுக்கு நடுவே இன்சுலேஷன் இருந்தால் அது கெப்பாசிட்டர் ஆகிவிடும். சாதாரண கிட்டார் ஒயரில் மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிகோஃபாரட் சேர்ந்துகொண்டே போகும். கிட்டாரில் ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்போ ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட கம்பிச் சுருள். சுருளும் கெப்பாசிட்டரும் சேர்ந்தால் ஏதாவது ஒரு அதிர்வெண்ணில் ஒலி எழும்பி நிற்கும். அதற்கு மேலே உள்ள கூர்மையெல்லாம் சரிந்துவிடும். ஒயர் நீள நீள, அந்த உச்சி கீழே இறங்கும். கிட்டாரின் குரல் மழுங்கும்.

எவ்வளவு இறங்கும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன், அசந்துபோனேன். 2.5 ஹென்றி பிக்கப், ஆறு மீட்டர் ஒயர் என்றால் உச்சி 3,800 ஹெர்ட்ஸ் பக்கம் நிற்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரம் சுமார் 66 மீட்டர். அந்த உயரத்துக்கு நீளமான ஒயரை மாட்டினால் உச்சி சுமார் 1,200 ஹெர்ட்ஸுக்கு விழுந்துவிடும்! பளீரென்று கூவிய கிட்டார், போர்வைக்குள் வாயை வைத்துப் பேசுவதுபோல் ஆகிவிடும். கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் பயன்படுத்திய சுருள் ஒயர் டெலிபோன் ரிசீவர் ஒயர்போல் வளைந்து வளைந்து இருக்கும். நீட்டினால் மிக நீளம். அவருடைய ஒலியின் வட்டமான முனைக்கு அந்த ஒயருக்கும் பங்கு உண்டு என்று கிட்டார் தெரிந்தவர்கள் சொல்வது இதனால்தான்.

இப்போது வருகிறது உச்சகட்ட அதிசயம். கிட்டாரின் ஒலியை ரேடியோ அலையாக ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும் வயர்லெஸ் வந்து ஒயரை ஒழித்தது அல்லவா? ஒழித்த கையோடு கிட்டார் வாசிப்பவர்கள், “ஒலி ரொம்பக் கூர்மையாக இருக்கிறதே, பழைய குரலைக் காணோமே” என்று குறைப்பட்டார்கள். உடனே கம்பெனிகள் என்ன செய்தன தெரியுமா? இல்லாத ஒயரின் மழுக்கத்தை மின்னணு வழியில் போலியாக உண்டாக்கி வயர்லெஸ் கருவிக்குள்ளேயே வைத்துவிட்டன! லைன் 6 கம்பெனியின் சில கருவிகளில் ‘கேபிள் டோன்’ என்று ஒரு குமிழே உண்டு. எத்தனை அடி ஒயர்போல் ஒலிக்க வேண்டும் என்று திருகிக்கொள்ளலாம். பாஸ் கம்பெனி டபிள்யூ.எல். 20 என்ற கருவியை ஒயர் மழுக்கத்தோடு ஒன்றாகவும், மழுக்கம் இல்லாமல் இன்னொன்றாகவும் விற்கிறது. ஒரு குறையை நீக்கிய பிறகு அந்தக் குறைக்காகவே ஏங்குகிற காது மனிதக் காது மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

வயர்லெஸ் வருவதற்கு முன்னாலேயே கிட்டாரோடு தெருவில் இறங்கி நடந்தவர்கள் இருந்தார்கள் என்பது தெரியுமா? அவர்களுடைய மண்ணும் ஒரு டெல்டா! மிசிசிப்பி டெல்டா என்பது ஆற்று முகத்துவாரம் அல்ல, வண்டல் படிந்த சமவெளி. நமக்கு நெல், அவர்களுக்குப் பருத்தி. அங்கே கிரீன்வுட் ஊரில் 1926-ல் பிறந்த எடி ஜோன்ஸ், ‘கிட்டார் ஸ்லிம்’ என்ற பெயரில் நியூ ஆர்லியன்ஸை ஆட்டிவைத்தார். அவருடைய ஒயர் 350 அடி நீளம் என்று சொல்வார்கள்! உதவியாள் ஒருவர் அவரைத் தோளில் தூக்கிக்கொள்ள, கூட்டத்துக்கு நடுவே புகுந்து, வாசலைத் தாண்டி, தெருவில் போகிற கார்களை நிறுத்தியபடி வாசிப்பாராம். அவரைப் பார்த்துச் சொக்கிப்போன பட்டி கை என்ற இளைஞரும் பின்னாளில் நூறடிக்கு மேல் ஒயரை இழுத்துக்கொண்டு மேடையை விட்டு வெளியே நடந்தார். நெல் டெல்டாவில் நாகஸ்வரம் வீதியில் நடந்த அதே காலத்தில், பருத்தி டெல்டாக்காரரின் கிட்டாரும் வீதியில் நடந்திருக்கிறது. எனக்கு இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

சரி, இனி சொல்லப்போவது அதிசயம் மட்டுமல்ல, எச்சரிக்கையும்கூட. கிட்டாரின் ஸ்ட்ரிங்குகள் உலோகம். அவை ஒயரின் செம்பு உறை வழியாக ஆம்ப்ளிஃபையரின் உடம்போடு இணைந்திருக்கின்றன. ஆம்ப்ளிஃபையரில் எர்த் சரியாக இருந்தால் அது பாதுகாப்பு. எர்த் அறுந்து, உள்ளே கரண்ட் உடம்பில் கசிந்தால்? ஸ்ட்ரிங்கைப் பிடித்திருக்கும் கை வழியாக ஏறி, மைக்கைத் தொடும் உதடு வழியாக இறங்கும்! 1965 டிசம்பர் 3 அன்று கலிபோர்னியாவின் சேக்ரமெண்டோ நகரில் ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரியில் கீத் ரிச்சர்ட்ஸின் கிட்டார் மைக் ஸ்டாண்டில் பட்டது. அவர் சுருண்டு விழுந்தார். ரப்பர் அடி வைத்த செருப்பு காப்பாற்றியது என்றார்கள். 1972 மே 3 அன்று வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகரில் லெஸ் ஹார்வி என்ற 27 வயது கிட்டார் கலைஞர், எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். 1976 டிசம்பர் 12 அன்று ஃபுளோரிடாவின் லேக்லாண்டில் ‘கிஸ்’ குழுவின் ஏஸ் ஃப்ரேலி படிக்கட்டுக் கைப்பிடியைத் தொட்டதும் தூக்கி எறியப்பட்டார், நல்லவேளை, பிழைத்தார். அதன் பிறகு அந்தக் குழு வயர்லெஸுக்கு மாறியது. வயர்லெஸ் கிட்டாரை ரசிகர்கள் பகட்டு என்று நினைத்திருக்கலாம். மேடை ஏறியவர்களுக்கு அது உயிர்.

நம் ஊரில் இந்த ஆபத்து குறைவா? கூடுதல் என்பேன்! திருவிழா மேடைக்கு மூன்று பேஸ் லைன் வருகிறது என்று வையுங்கள். மைக் செட்காரர் ஒரு பேஸிலிருந்து எடுத்திருப்பார். ஆர்க்கெஸ்ட்ராவின் ஆம்ப்ளிஃபையர்களுக்கு இன்னொரு பேஸ் போயிருக்கும். ஒவ்வொன்றும் 230 வோல்ட்தானே என்று நினைக்காதீர்கள். இரண்டு பேஸ்களுக்கு நடுவே இருப்பது சுமார் 400 வோல்ட்! இரண்டு பக்கமும் எர்த் கெட்டு, கரண்டும் கசிந்தால் கிட்டாருக்கும் மைக்குக்கும் நடுவே நிற்கிற மனிதர் அந்த 400 வோல்ட்டுக்கு நடுவே நிற்கிறார். அறுவடை முடிந்த வயலில் போட்ட மேடை, மழை நனைத்த பந்தல், வெறுங்கால், வியர்வை, ஜெனரேட்டரிலிருந்து இழுத்த ஒட்டுப்போட்ட ஒயர், எல்லாம் ஒரே இடத்தில்! 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் மாண்டதை நேரில் அறிந்த மண் இது. அந்த விபத்துக்கும் இசைக்கருவிக்கும் தொடர்பில்லை. ஆனால் திருவிழாவும் மின்சாரமும் சேருமிடத்தில் எத்தனை கவனம் வேண்டும் என்பதைத் தஞ்சாவூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வயர்லெஸ் மாட்டிய கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே உலோகத் தொடர்பே கிடையாது. கரண்ட் ஏற வழி இல்லை. என்னைக் கேட்டால், டெல்டா மேடையில் வயர்லெஸுக்கு ஆதரவாக இந்த ஒரு காரணமே போதும். கூடவே, கரண்ட் கசிந்தால் தானே லைனைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஈ.எல்.சி.பி. ஒன்றை மேடை லைனில் போடச் சொல்லுங்கள். மைக் பிடிப்பவருக்கும் அது காவல்.

மேடையில் முதன்முதலாக நம்பி மாட்டக்கூடிய வயர்லெஸைச் செய்தவர்களில் முக்கியமானவர் கென் ஷாஃபர் என்ற அமெரிக்கர். அதற்கு முந்தைய கருவிகளில் கிட்டாருக்கு நடுவே டாக்சி ரேடியோப் பேச்சு புகுந்துவிடும்! 1970-களின் நடுவில் அவர் இரண்டு வாங்கிகளை (ரிசீவர்களை) வைத்து, எதில் சிக்னல் தெளிவோ அதற்குத் தானாகத் தாவும்படி செய்தார். ஏசி/டிசி குழுவின் ஆங்கஸ் யங்குக்கு அந்தக் கருவியின் ஒலி எவ்வளவு பிடித்துப்போனது என்றால், 1980-ல் ‘பேக் இன் பிளாக்’ ஆல்பத்தை ஸ்டுடியோவில் பதியும்போதும் அதையே மாட்டிக்கொண்டார். நடமாட இடமே தேவைப்படாத ஸ்டுடியோவில் வயர்லெஸ்! ஒலியைச் சுருக்கி அனுப்பி, வாங்கிய பின் விரிக்கும் அதன் மின்சுற்று கொடுத்த முறுக்கான ஒலிதான் காரணம். ஷாஃபர் அதோடு நிற்கவில்லை. பின்னாளில் நியூயார்க்கில் உட்கார்ந்து சோவியத் செயற்கைக்கோள் தொலைக்காட்சியைப் பிடித்துக் காட்டினார்!

ஒயரை எடுத்துவிட்டால் ‘ம்ம்ம்...’ என்ற இரைச்சல் போய்விடுமா? பாதிதான் போகும். எர்த் சிக்கலால் வரும் இரைச்சல் போகும். பிக்கப் சுருளே சுற்றியுள்ள டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தும் சீரியல் லைட்டிலிருந்தும் உறிஞ்சும் இரைச்சல் போகாது. அதற்கு எதிரெதிராகச் சுற்றிய இரட்டைச் சுருள் பிக்கப் வேண்டும். கிப்சன் கம்பெனியின் சேத் லவர் 1955-ல் காப்புரிமை கேட்ட சமாச்சாரம் அது. ஆனால் இந்த இரைச்சலுக்கு ஒரு சுருதி உண்டு என்பது தெரியுமா? இந்திய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மேற்கத்திய ‘ஜி’ ஸ்வரத்தின் கீழ் ஸ்தாயி 49 ஹெர்ட்ஸ். அதாவது நம் ஊர் கரண்ட் ஐந்து கட்டைக்கு ஒரு துளி மேலே முனகுகிறது! பெண் பாடகர்கள் பலர் பாடுகிற கட்டை அது. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே அது வேறு இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே தொங்கும். இன்னொன்றும் உண்டு: பழைய 2ஜி செல்போன் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் இருந்தால் ‘டிர்ர் டிக் டிக்’ என்று வருமே, அதன் துடிப்பு நொடிக்கு 217. ‘ஏ’ ஸ்வரம் 220. ஆறு கட்டைக்குக் கொஞ்சம் கீழே!

வீணை பிறந்த மண்ணில் கிட்டாரைப் பேசிவிட்டு வீணையைச் சொல்லாமல் போகலாமா? 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரகுநாத நாயக்கர் காலத்தில் உருப்பெற்ற தஞ்சாவூர் வீணைக்கு 24 மெட்டுகள். இன்றைய எலெக்ட்ரிக் கிட்டார்கள் பலவற்றிலும் 24 ஃப்ரெட்! இரண்டிலும் ஸ்ட்ரிங் ஒன்றுக்குச் சரியாக இரண்டு ஸ்தாயி. வீணையில் தந்தியை மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் கொடுப்பதும், ப்ளூஸ் கலைஞர் ஸ்ட்ரிங்கை வளைப்பதும் ஒரே விரல் வேலை. பலா மரத்தில் செய்த வீணைக்குப் பிக்கப் ஒட்டி ஒயர் இழுப்பது கச்சேரி மேடையில் வெகுகாலமாக நடக்கிறது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் செய்ததோ அதைவிடத் துணிச்சல்! இரட்டை இரட்டையாக எட்டுத் தந்தி கொண்ட மாண்டலினை விட்டு, ஒற்றைத் தந்தி ஐந்து வைத்த எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்தார். சாதா மாண்டலினில் மீட்டியவுடன் நாதம் அடங்கிவிடும். கமகத்துக்கு நேரமே கிடைக்காது. மின்சாரம் நாதத்தை நீட்டிக் கொடுத்தது. அதில் அவர் தோடியை உருக்கினார். எலெக்ட்ரிக் கிட்டாரில் சுகுமார் பிரசாத்தும், ராணிப்பேட்டையில் வளர்ந்து சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ஆர். பிரசன்னாவும் கர்நாடக சங்கீதம் வாசித்துக் காட்டினார்கள்.

கர்நாடகக் கச்சேரி மேடையில் யாரும் நடப்பதில்லை, கவனித்தீர்களா? ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவருக்கு மூன்று மீட்டர் நல்ல ஒயரே மேல் என்று அடித்துச் சொல்வேன். பேட்டரி தீரும் பயம் இல்லை, ஒயர் குட்டை என்பதால் மழுக்கமும் குறைவு. மண்டபத்தில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிட்டால் போதும்.

நடப்பவருக்கு வேறு ஒரு பூதம் காத்திருக்கிறது: தாமதம்! டிஜிட்டல் வயர்லெஸ் ஒலியை எண்ணாக மாற்றி, அனுப்பி, மறுபடி ஒலியாக்க நேரம் எடுக்கும். நான் சொன்ன பாஸ் கருவியில் அது 2.3 மில்லிசெகண்ட். பயந்துவிடாதீர்கள், அந்த நேரத்தில் காற்றில் ஒலி செல்லும் தூரம் 80 சென்டிமீட்டர்தான். ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஒரு தப்படி பின்னால் நகர்ந்தாலே அந்தத் தாமதம் வந்துவிடும்! ஆனால் செல்போனுக்கு வாங்கிய புளூடூத் ஹெட்செட்டை வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாதாரண புளூடூத்தில் 100 முதல் 200 மில்லிசெகண்ட் வரை தாமதம். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் சதுஸ்ர நடையில் ‘த க தி மி’ என்று சொன்னால் ஒவ்வொரு சொல்லுக்கும் கிடைப்பது 125 மில்லிசெகண்ட். நீங்கள் ‘த’ வாசித்தது காதில் விழும்போது தவில்காரர் ‘க’வில் இருப்பார்!

அதைவிட வியப்பு இது. வயர்லெஸ் மாட்டிக்கொண்டு மேடையை விட்டு இறங்கிக் கூட்டத்துக்குள் 35 மீட்டர் நடக்கிறீர்கள். கிட்டாரின் சிக்னல் ரேடியோ அலையாகக் காற்றில் மேடைக்குப் போய்ச் சேரும் நேரம் ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்கை ஒட்டித்தான். ஆனால் மேடை ஸ்பீக்கரிலிருந்து உங்கள் ஒலி உங்கள் காதுக்குத் திரும்பி வர? ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு! கை ஒரு தாளத்தில், காது ஒரு தாளத்தில். ஒயரை அறுத்துக்கொண்டு ஓடினாலும் ஒலியின் வேகம் பிடித்து நிறுத்திவிடுகிறது. இதனால்தான் தூரம் நடப்பவர்கள் காதுக்குள் மானிட்டர் மாட்டிக்கொள்கிறார்கள். நம் பெரிய மேளத்தில் நாகஸ்வரம், ஒத்து, தவில், தாளம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் ஒட்டி நடக்கும் காரணம் இப்போது புரிகிறதா? திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரத்தில் அசைந்து வரும்போதும் மேளக்காரர்கள் ஒருவர் மூச்சு மற்றவருக்குக் கேட்கும் நெருக்கத்தில்தான் நடப்பார்கள். ஊர்வலத்தில் கிட்டார் வாசிக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் அதுவே வழி: ஸ்பீக்கரை மேடையில் விடாதீர்கள், வண்டியில் ஏற்றிக் கூடவே ஓட்டச் சொல்லுங்கள்.

கம்பியில்லா அலைக்கு நாம் அந்நியர்களும் இல்லை. ஜகதீஷ் சந்திர போஸ் 1895-ல் கல்கத்தாவில் சுவர்களைத் தாண்டி அலையை அனுப்பி மணி அடிக்கவைத்து, வெடிமருந்தையும் வெடிக்கவைத்தார்! அவர் கையாண்ட மில்லிமீட்டர் அலைகளோடு ஒப்பிட்டால் இன்றைய கிட்டார் வயர்லெஸின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை நீளமானது, 12.5 சென்டிமீட்டர். இந்த அலைவரிசையை உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005-ல் மத்திய அரசு வழி திறந்தது. அதனால்தான் ஒய்ஃபை, புளூடூத், கிட்டார் என எல்லோரும் அதிலேயே நெருக்கியடிக்கிறார்கள். 600 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடும் யு.எச்.எஃப். கருவிகள் கூட்டத்தை இன்னும் நன்றாகச் சமாளிக்கும். ஆனால் அங்கே எந்த வரிசைக்கு அனுமதி என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கடைசியாக, மேடை ஏறுகிறவர்கள் மறக்கக்கூடாத ஒன்று. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் விழுங்கும். மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்! மாலை நாலு மணிக்குக் காலி மைதானத்தில் நாற்பது மீட்டர் வரை கச்சிதமாக வேலை செய்த கருவி, இரவு ஒன்பது மணிக்கு ஆயிரம் பேர் நடுவே வந்ததும், ஒவ்வொருவர் பையிலும் ஒரு செல்போனோடு, விட்டு விட்டு ஒலிக்கும். ஆகவே வாங்கியை ஆம்ப்ளிஃபையரின் பின்னால் தரையில் ஒளித்து வைக்காதீர்கள்; தலைகளுக்கு மேலே, கண்ணுக்குத் தெரியும்படி ஸ்டாண்டில் தூக்கி வையுங்கள். சோதனையைக் கூட்டம் சேர்ந்த பிறகு இன்னொரு முறை செய்யுங்கள். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கம் கச்சேரி என்றால் உப்புக்காற்றில் பச்சை பூத்த பிளக்கைத் துடைத்துவிட்டு ஏறுங்கள். புதுசாகச் சார்ஜ் போட்ட பேட்டரி ஒன்று சட்டைப் பையில், ஆறு மீட்டர் ஒயர் ஒன்று கிட்டார் உறையில், அதுவும் சுருக்கு விழாமல் ஒரு வளையம் உள்பக்கம், அடுத்தது வெளிப்பக்கம் என்று மாற்றி மாற்றிச் சுற்றியது. பாட்டு நடுவில் வயர்லெஸ் நின்றுபோனால், பாடகர் அடுத்த சரணத்தை எடுப்பதற்குள் அதைச் செருகிவிடலாம்.